மாதையன் கிணற்றில் இரண்டு முறை இறங்கினேன்

சிங்கப்பூரில் நான் குடியிருப்பது பதினோராவது மாடி. இருபது வருடமாக அதே வீடுதான், ஆனால் ஒரு நாள்கூடச் சன்னலோரம் நின்று கீழே பார்த்ததில்லை. என் மனைவி கலா ஈரத் துணியை மூங்கில் கழியில் கோத்துச் சன்னலுக்கு வெளியே நீட்டும்போது நான் அடுத்த அறைக்குப் போய்விடுவேன். அப்பேர்ப்பட்ட பயந்தாங்கொள்ளி இந்தியாவுக்குத் தனியாகப் போகிறேன் என்றதும் அவள் சிரித்தாள். "உங்களை எந்தத் தைரியத்துல அனுப்புறாங்க?" என்றாள். "யாரும் அனுப்பல. நானா கேட்டு வாங்கிட்டுப் போறேன்" என்றேன். அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

வேலை என்னவோ சின்னதுதான். தருமபுரி மாவட்டத்தில் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் மாதையன் என்ற விவசாயிக்கு ஒரு கிணறு இருக்கிறது. அந்தத் தண்ணீரில் இரண்டு சின்னச் சோதனைக் குழாய் பிடித்து, பெங்களூரிலுள்ள கூட்டாளி ஆய்வகத்தில் சேர்க்க வேண்டும். ஆனால் நாள் குறித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. விமானத்துக்கோ கிணற்றுக்கோ பயந்து அல்ல. நான் ஒரு பொய் சொல்லியிருந்தேன்.

என் தொழிலைச் சொன்னால்தான் அந்தப் பொய் புரியும். நான் பல்கலைக்கழக ஆய்வகமொன்றில் தொழில்நுட்ப உதவியாளன். மண்ணிலும் தண்ணீரிலும் பாறையிலும் இருக்கிற நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றை ஆய்வகத்தில் வளர்க்க முடியாது. என்ன தீனி போட்டாலும் அடம்பிடித்துச் செத்துப்போகும். அதனால் வளர்க்காமலேயே, ஒரே ஒரு செல்லைத் தனியாகப் பிரித்து, உடைத்து, அதன் மரபணுச் சரத்தை லட்சக்கணக்கில் படியெடுத்துப் படிக்கிறோம். சிக்கல் எங்கே என்றால், என் விரலிலிருந்தோ மூச்சிலிருந்தோ ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் எந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. அதையும் லட்சமாக்கிக் கையில் கொடுத்துவிடும்.

அதற்காகத்தான் வெறுங்குழாய். சுத்தமான தண்ணீர் ஊற்றிய ஒரு குழாயையும் கூடவே எடுத்துப் போவோம். மாதிரி எடுக்கிற அதே இடத்தில் அதைத் திறந்து, மூடி, மாதிரியோடு சேர்த்தே கொண்டுவந்து, அதே எந்திரத்தில் விடுவோம். அதில் ஒன்றும் இருக்கக் கூடாது. இருந்தால் நம் கை அழுக்கு என்று அர்த்தம்.

போன வருடம் ஓர் எந்திரத்தைப் பொருத்திக்கொடுக்கப் பெங்களூர் போயிருந்தேன். மாணவி ஒருத்தி மாதையன் கிணற்றில் வாளி விட்டு எடுத்த தண்ணீரைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தாள். கூட வந்த வெறுங்குழாய் என் கையிலிருந்து வழுக்கி, தரையில் விழுந்து, மூடி கழன்று கொட்டிப் போயிற்று. அறையில் யாரும் இல்லை. அலமாரியிலிருந்து புதுக் குழாயும் புதுத் தண்ணீரும் எடுத்து, அதே எண்ணை எழுதி ஒட்டி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் புதுக் குழாய் கிணற்றுப் பக்கமே போனதில்லை.

அந்தத் தண்ணீரில்தான் அந்தச் செல் கிடைத்தது. ஒன்றே ஒன்று. அதன் மரபணு எங்களுக்குத் தெரிந்த எந்த வகையோடும் ஒட்டவில்லை. எங்கள் பேராசிரியர் ஒரு சீனப் பெண்மணி. எங்கள் பேச்சு எப்போதும் ஆங்கிலத்தில், இங்கே தமிழில் எழுதுகிறேன். "வெறுங்குழாயில்?" என்று கேட்டார். "ஒன்றும் இல்லை" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நம்பிக் கட்டுரை எழுதி ஓர் அறிவியல் இதழுக்கு அனுப்பினார். படித்துப் பார்த்தவர்கள், இன்னொரு முறை எடுத்துக் காட்டுங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தச் செல் கிணற்றிலிருந்து வந்ததா, எங்கள் கையிலிருந்து வந்ததா? அப்படியொரு கேள்வி பாக்கி இருப்பது உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். மாணவியோ வேறு நாட்டுக்குப் படிக்கப் போய்விட்டாள். நான் போகிறேன் என்று கையைத் தூக்கினேன்.

முதல் நாள், தருமபுரி ஊருக்குள் நுழையும்போதே பெங்களூரிலிருந்து வந்த வாடகைக் கார் புகைந்து நின்றது. டிரைவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ஸுல போயிடுங்க சார், இது சாயங்காலம் வரைக்கும் ஆவும்" என்றார். என்னிடம் முட்டி உயரத்துக்கு ஓர் அலுமினியக் கேன் இருந்தது. உள்ளே திரவ நைட்ரஜன், மாதிரியை எடுத்த கையோடு உறைய வைப்பதற்கு. அதன் மூடியை இறுக்கக் கூடாது, இறுக்கினால் வெடிக்கும். சாய்க்கக் கூடாது, சாய்த்தால் கொட்டும். அடைத்த இடத்தில் கொட்டினால் மூச்சுத் திணறும். இதையெல்லாம் ஆய்வகத்தில் பாடமாக நடத்துபவனே நான்தான்.

பாப்பாரப்பட்டி டவுன் பஸ்ஸில் ஏறியதும் முதலில் சன்னல்களை எண்ணினேன். எல்லாம் திறந்திருந்தன. கேனை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டேன். "பால் கேனுக்கு லக்கேஜ் போடணுங்க" என்றார் கண்டக்டர். பின்சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "யோவ், அது பால் கேன் இல்ல, சினை ஊசி கேன். டாக்டருங்க, எந்த ஊருக்குப் போறீங்க?" என்றார். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள் காளை விந்தை இதே மாதிரிக் கேனில்தான் கொண்டுபோவார்களாம். நான் டாக்டர் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் ஒருவர், "எங்க வூட்டு மாடு நேத்துலேர்ந்து கத்திக்கிட்டே கெடக்குதுங்க, ஒரு எட்டு வந்துட்டுப் போயிடுங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு பள்ளத்தில் பஸ் தூக்கிப் போட்டதில் மூடி இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை வந்தது. முன்சீட்டில் இரண்டு பெண்கள் கன்னடத்தில் பேசிக்கொண்டே இடம் மாறி உட்கார்ந்தார்கள். என்ன சொல்கிறார்கள் என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். "வெடிக்குமான்னு ஒருத்தி கேக்குறா. வெடிக்கிற மாதிரி இருந்தா அந்தாளு காலுக்கு நடுவுல வெச்சிருப்பானான்னு இன்னொருத்தி சொல்றா" என்றார். எனக்குச் சிரிக்க வரவில்லை. எங்கள் ஊர் எம்.ஆர்.டி. ரயிலில், நாறும் என்று டுரியான் பழத்தைக்கூட ஏற்ற விட மாட்டார்கள். இங்கே என்னை யாரும் இறக்கிவிடவில்லையே என்பதே புதுப் பயமாகிவிட்டது.

பஸ் நிற்கும் இடத்தில் ஜமீல் பாய் காத்திருந்தார். மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருப்பவர். கிணற்று மோட்டார் பழுதென்றால் சுற்றுப்பட்டு ஊர்களுக்கெல்லாம் அவர்தான் போவார். போன வருடம் மாணவியை அழைத்துப் போனதும் அவரே. கடை மாடியில் எனக்கு அறை ஒழித்து வைத்திருந்தார். வீட்டிலிருந்து தேங்காய்ப்பால் சோறும் கறிக் குழம்பும் வந்தன. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. "என்ன சார், பயந்துபோன மாதிரியே இருக்கீங்க?" என்றார். பஸ்ஸில் தூக்கிப் போட்டது என்று சமாளித்தேன்.

இரண்டாம் நாள் காலையில் அவருடைய மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, கேனைத் தொடையில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி போனேன். மாதையன் வாசலிலேயே நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், ஒல்லியான ஆள். சிரித்தபோது பற்களில் காவி படிந்த வரிகள் தெரிந்தன. இந்தப் பக்கத்து ஆழ்கிணற்றுத் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், பலருக்குப் பல் அப்படித்தான். இப்போது குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர் வருகிறது. கிணறு மாட்டுக்கும் வயலுக்கும் மட்டும்.

பசியாறச் சொல்லி, அவர் மனைவி ராகிக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். நான் களியை மென்றேன். "மெல்லாதீங்க, முழுங்குங்க" என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். விழுங்கினேன், தொண்டையில் நின்றது. இதிலேயே போய்ச் சேர்ந்துவிடுவேனோ என்று ஒரு கணம் திகிலடித்தது. தண்ணீர் குடித்துப் பிழைத்தேன்.

கிணற்றுக்குப் போகும் வழியெல்லாம் மாதையன் ஏதோ நல்ல சேதி வைத்திருப்பவர் மாதிரி முன்னால் நடந்தார். கிட்டப் போகப் போக எனக்கு மூக்கு எரிந்தது. நீச்சல் குளத்து நாற்றம். எட்டிப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையில் மண்டியிட்டு, கையை ஊன்றி, தலையை மட்டும் நீட்டினேன். கீழே எங்கேயோ ஆழத்தில் தண்ணீர் தெரிந்தது. அதன் ஓரமெல்லாம் வெள்ளையாகப் படிந்திருந்தது.

"கெணறு பாக்க வெளிநாட்டுலேர்ந்து ஆள் வர்றாங்கன்னு பாய் சொன்னாருங்க. அழுக்கா இருந்தா நல்லாவா இருக்கும்? டேங்க் ஆப்பரேட்டர்கிட்டச் சொல்லி பிளீச்சிங் பவுடர் வாங்கியாந்து முந்தாநேத்தே கலக்கிட்டனுங்க. இப்பப் பாருங்க, புழு பூச்சி ஒண்ணு இருக்காது" என்றார் மாதையன்.

ஜமீல் பாய் நெற்றியில் அடித்துக்கொண்டார். "யோவ், அந்தப் பூச்சியத் தேடித்தான்யா கடல் தாண்டி வந்திருக்காரு!"

மாதையன் முகம் சட்டென்று வாடிப்போனது. அவருக்கும் ஒரு பயம் இருந்தது, அதை அப்போதுதான் சொன்னார். முன்பு ஒருமுறை தண்ணீர் சோதிக்க வந்தவர்கள் ஊர்க் கைப்பம்புக்குச் சிவப்புச் சாயம் அடித்துவிட்டுப் போனார்களாம். அதேபோல் தன் கிணற்றையும் ஆகாதென்று எழுதிவிட்டால், அதில் தண்ணீர் காட்டுகிற மாட்டின் பாலை யார் வாங்குவார்கள்? "தப்புன்னா சொல்லிடுங்க சார், எனக்கு அவ்வளவுதாங்க தெரிஞ்சுது" என்றார். விருந்தாளி வருகிறாரென்று வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலக் கிணற்றைக் கழுவி வைத்திருக்கிறார். அந்த மனுஷன்மேல் எப்படிக் கோபப்படுவது?

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பிளீச்சிங் பவுடர் செல்லை உடைத்து மரபணுவையும் அரித்துவிடும். இனி அந்தச் செல் கிடைக்காவிட்டால், கிணற்றைக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். தப்பித்தேன். அந்த வார்த்தை மனசுக்குள் வந்தபோது குளுகுளுவென்று இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

அந்த நிம்மதி ஐந்து நிமிடம்கூட நிற்கவில்லை. "சைடு போர் இருக்கே!" என்றார் ஜமீல் பாய். கிணறு வற்றியபோது மெஷினை உள்ளே இறக்கி, பாறையில் படுக்கை வாட்டத்தில் துளை போட்டிருக்கிறார்கள். அதன் வழியாகப் பாறைக்குள்ளிருந்து புதுத் தண்ணீர் ஓயாமல் வருகிறது. "மோட்டாரப் போட்டுத் தண்ணியக் கீழ எறக்கிட்டா ஓட்டை வெளிய தெரியும் சார். அதுல வர்றது பவுடர் படாத தண்ணி. ஆனா வாளி விட்டு எடுக்க முடியாது. எறங்கித்தான் ஆவணும்."

"யாரு?" என்று கேட்டேன்.

"குழாயத் தொடுறதுக்கு எங்களுக்குத் தெரியுமா? நீங்கதான்" என்றார். எனக்கு உள்ளங்கால் கூசியது. மாதையன் அன்று பகல் முழுக்க மோட்டாரை ஓடவிட்டு, தண்ணீரைத் தரிசுப் பக்கம் திருப்பினார். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் காலை. பாறையை வெட்டி எடுத்த கிணறு. சுவரிலிருந்து ஒரு முழத்துக்கு நீட்டிக்கொண்டு கல் படிகள். பிடிக்க ஒன்றும் கிடையாது. காற்று கெட்டிருக்குமா என்று நான் மூன்று முறை கேட்டதால், ஜமீல் பாய் ஒரு விளக்கைக் கொளுத்திக் கயிற்றில் கீழே விட்டுக் காட்டினார். அணையவில்லை. மோட்டார் தூக்குகிற கயிற்றை என் இடுப்பிலும் தொடையிலும் கட்டி, கப்பியில் போட்டு, அவரும் மாதையனும் பிடித்துக்கொண்டார்கள். "மோட்டார் உங்கள விட கனம் சார். அதையே விட்டதில்ல" என்றார் பாய்.

இறங்கினேன் என்று எழுத ஒரு வார்த்தைதான். ஒவ்வொரு படிக்கும் நான் யாரையெல்லாம் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது. எங்கள் அடுக்குமாடிக்குப் பக்கத்து முருகன் கோயில் முருகனிலிருந்து கலாவின் அம்மா வரை எல்லோரையும் கூப்பிட்டிருப்பேன். பாதி வழியில் பொந்திலிருந்து ஒரு புறா படபடவென்று முகத்துக்கு நேரே பறந்தது. சுவரை ஒட்டிக்கொண்டு அழுதேன். நாற்பத்தாறு வயது ஆண்பிள்ளை, வாய்விட்டு அழுதேன். மேலிருந்து, "அழுதுக்கிட்டே எறங்குங்க சார், பரவால்ல" என்று குரல் வந்தது.

கடைசிப் படியில் குந்தியபடி பார்த்தேன். கை எட்டும் உயரத்தில் பாறையில் துளை. அதிலிருந்து நூல் மாதிரித் தண்ணீர். பிளீச்சிங் நாற்றம் கீழே தேங்கியதில்தான், இதில் இல்லை. கையுறையை மாற்றிக்கொண்டு, முதல் குழாயைப் பிடித்து மூடினேன். இரண்டாவதையும் மூடினேன். செல் உறையும்போது உடையாமலிருக்க ஊற்ற வேண்டிய திரவத்தை ஊற்றினேன். சட்டைப் பையிலிருந்து வெறுங்குழாயை எடுத்தேன். கையுறையிலிருந்து அது வழுக்கியது. கல்லில் ஒரு சின்னச் சத்தம், பிறகு தண்ணீரில் ஒரு சின்னச் சத்தம். அவ்வளவுதான். "இழுங்க! இழுங்க!" என்று கத்தினேன்.

மேலே வந்ததும் இரண்டு குழாயையும் நைட்ரஜனுக்குள் இறக்கினேன். புகை அடங்கியது. "முடிஞ்சுதுங்களா?" என்று மாதையன் கேட்டார். "முடிஞ்சுது" என்றேன். அவர் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பையைத் திறந்து ஓர் உபரிக் குழாயில் சுத்தத் தண்ணீரை ஊற்றி மூடி, பேனாவால் எண்ணை எழுதினேன். அதுவரை நான் எதையும் யோசிக்கவே இல்லை. கை தானாகச் செய்தது. போன வருடம் செய்ததை அச்சு அசலாக அப்படியே செய்துகொண்டிருந்தது.

என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்தது. கிணற்றுக்குள் வந்த பயமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. இந்தக் கை இனி ஆயுசு முழுக்க இப்படித்தான் செய்யும் என்று தோன்றியது.

எழுதிய எண்ணை நகத்தால் சுரண்டினேன். "பாய், முடியல. ஒரு குழாய உள்ள போட்டுட்டேன்" என்றேன்.

"அதுல என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் தண்ணி. நம்ம கை சுத்தமான்னு பாக்குறதுக்கு."

"வெறும் தண்ணிக்காங்க மறுபடியும் எறங்கப் போறீங்க?" என்றார் மாதையன். "மேலயே ஊத்திக்கிட்டா ஆவாதுங்களா?"

"ஆவாதுங்க. போன வருஷம் அப்படித்தான் ஊத்தினேன்" என்றேன். சொல்லிவிட்டேன். பேராசிரியரிடமோ கலாவிடமோ சொல்லாததை, வந்து மூன்று நாள்கூட ஆகாத இடத்தில், இடுப்பில் கயிற்றோடு நின்று சொன்னேன். மாதையனுக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. ஜமீல் பாய் என் இடுப்பு முடிச்சை இழுத்துப் பார்த்தார். "அப்ப எறங்குங்க சார். கயித்த இன்னும் அவுக்கல" என்றார்.

இரண்டாம் முறை பயம் குறைந்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. எந்தப் படி ஆடும் என்று இப்போது தெரிந்திருந்ததால் கூடியிருந்தது. ஆனால் அழவில்லை. துளைக்குப் பக்கத்தில் குழாயைத் திறந்து பிடித்து, மாதிரிக்கு ஆன அதே நேரம் எண்ணி, அதே திரவத்தை ஊற்றி மூடினேன். பல்லில் கடித்துக்கொள்ளலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. எச்சில் படும் என்று சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். முதல் தடவையே மாட்டியிருக்கலாம்.

மேலே வந்து அதையும் உறைய வைத்த பிறகு, கை காய்வதற்குள் பேராசிரியரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டுக்கொண்டார். பிறகு, "இதை ஏன் இப்போது சொல்கிறாய்? முடிவு வரும்வரை காத்திருக்கலாமே" என்றார்.

"முடிவு நல்லபடியாக வந்துவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்" என்றேன்.

கட்டுரையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். இனி நான் எந்திரத்தைத் தொட வேண்டாம், குழாய்களைப் பெங்களூரில் ஒப்படைத்துவிட்டு வந்து சேர வேண்டும் என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கிளம்பும்போது மாதையன் மொபெட் அருகே வந்து நின்றார். "என்னான்னு தெரிஞ்சா போன் போடுங்க சார். மாடு குடிக்குதுங்களே" என்றார். போடுவதாக வாக்குக் கொடுத்தேன்.

முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று. நான் இப்போது சாமான் கிடங்கில் குழாய்ப் பெட்டிகளை அடுக்குகிறேன், நியாயம்தான். பெங்களூரில் வேறு ஆட்கள் செல்களைப் பிரித்துப் படித்தார்கள். பேராசிரியர் கிடங்கு வாசலில் நின்று, உள்ளே வராமல் சொன்னார். அதே வகை, மூன்று செல்கள், இரண்டு குழாயிலும்.

அன்று மதியமே மாதையனுக்குப் போன் போட்டேன். அந்த உயிர் கிணற்றுக்குள்தான் இருக்கிறது, பாறைக்குள்ளே கல்லைத் தின்று பிழைக்கிறது, மாட்டுக்குக் கெடுதல் செய்கிற மாதிரி எதுவும் அதில் தெரியவில்லை என்று சொன்னேன். "நல்லதுங்க" என்றார். பின்னால் மாடு கத்துவது கேட்டது. வைத்துவிடுவார் என்று நினைத்தேன்.

"சார், அந்த வெறுங்குழாயி? அதுல என்ன இருந்துச்சுங்க?"

"ஒண்ணும் இல்லீங்க" என்றேன். போன வருடமும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

"அப்ப சரிங்க. அதுக்குத்தான ரெண்டாவது தடவ எறங்குனீங்க" என்று சொல்லிவிட்டு மாதையன் போனை வைத்தார்.